பாலை மலையில் ஹிங்லாஜ் அன்னை

பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாநிலத்தில், கராச்சிக்கு மேற்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் உள்ளது ஹிங்கோல் தேசியப் பூங்கா. காற்றும் மழையும் செதுக்கிய வறண்ட குன்றுகள் அங்கே கோபுரங்களாகவும் மதில்களாகவும் நிற்கின்றன. செங்குத்தான பாறைகளில் மலையாடுகள் அஞ்சாது ஏறித் திரிகின்றன. அம்மலைகளின் நடுவே, சதிதேவியின் சிரம் வீழ்ந்த சக்தி பீடமாகப் போற்றப்படுவது ஹிங்லாஜ் மாதாவின் குகைக்கோயில். சிற்பி வடித்த திருமேனி அங்கில்லை. செந்தூரம் பூசிய கல்லே அன்னை. அப்பகுதி இஸ்லாமியரும் அவளை ‘நானி’, அதாவது பாட்டி, என்று போற்றுகின்றனர்.

முன்னாளில் அடியார்கள் பாலையை நடந்தே கடந்தனர். வழியில் சந்திரகூப் என்னும் சேற்று எரிமலையில் ஏறி, தம் பிழைகளை வாய்விட்டுக் கூறி, கொப்பளிக்கும் சேற்றில் தேங்காய் சமர்ப்பித்த பின்னரே குகையை நாடுவது மரபு. அத்தொலைவு செல்ல இயலாத முதியோர், இல்லத்து விளக்கின் முன் அவ்வாறே மனம் திறக்கலாம். அன்னை அங்கும் செவிசாய்ப்பாள்.