பஸ்சுக்கு எப்.சி. உண்டு, கட்டடத்துக்கு?

பொறையாறு பயங்கரத்தை டெல்டா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2017 அக்டோபர் 20. தீபாவளி முடிந்து இரண்டே நாள். பொழுது விடியவில்லை. அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறையில் டிரைவர்களும் கண்டக்டர்களும் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார்கள். மேற்கூரை இடிந்து அவர்கள் தலைமேல் விழுந்தது. 8 பேர் எழுந்திருக்கவே இல்லை.

அது 1943-ல் கட்டிய கட்டடம்.

"கிழட்டுக் கட்டடம், விழுந்திடுச்சு" என்று கையை உதறிவிட்டுப் போகலாமா? கூடாது. வயது மட்டும் கட்டடத்தைக் கொல்வதில்லை. தஞ்சாவூரில் வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் ஆபீசைப் பாருங்கள். ஆபீஸ் புது இடத்துக்குப் போன பிறகு பழசை இடித்துத் தள்ளவில்லை. பழுது பார்த்தார்கள். 2023-ல் இருந்து அது அருங்காட்சியகம். காசு கொடுத்து ஜனங்கள் பார்க்கிறார்கள்!

சென்னை சேப்பாக்கத்தில் நவாப் காலத்துக் கலச மகால் இன்னொரு உதாரணம். அங்கேயும் அரசு ஆபீஸ்கள்தான் இருந்தன. 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை சரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரை விட்டார். பிறகு பழைய முறைப்படி சுண்ணாம்புக் கலவை போட்டு அதை நிமிர்த்தினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அங்கே குடியேறியது. எரிந்த கட்டடமே எழுந்து நிற்கிறது என்றால், எரியாத கட்டடம் ஏன் விழ வேண்டும்?

கட்டடம் ஒரே நாளில் சாவதில்லை. மொட்டை மாடியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும். சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். ஒழுகிய தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி சிமெண்டைத் தள்ளும். காரை பெயர்ந்து பைல் மேல் விழும். இத்தனையும் கண்முன்னே நடக்கும்.

போதாக்குறைக்கு இது களிமண் பூமி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். வயலில் நடப்பது அஸ்திவாரத்துக்கு அடியிலும் நடக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று அரிக்கும். இது தெரியாமல் செய்யும் ரிப்பேர், ரிப்பேரே அல்ல.

மேலதிகாரி வருகிறார் என்றால் அவசர அவசரமாக வெள்ளையடிக்கிறார்கள். வெள்ளையடித்தால் விரிசல் மறையும், சாகாது! எந்த ஆபீசிலும் ரிப்பேர் என்றதும் பெரியவர் அறைக்குத்தான் முதலில் டைல்சும் ஏ.சி.யும். ராத்திரி டியூட்டி முடித்துப் பாயை விரிக்கிற தொழிலாளியின் அறைக்கு "சாங்ஷன் வரலே சார்" என்ற பதில்தான்.

எப்.சி. எடுக்காமல் பஸ்சை ரோட்டில் ஓட்ட முடியாது. பிரேக்கில் இருந்து டயர் வரை பார்த்துத்தான் சான்று தருகிறார்கள். அந்த பஸ்சை ஓட்டும் மனிதர் தலை சாய்க்கிற கூரைக்கும் அப்படி ஒரு சான்று வேண்டாமா?

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்க வேண்டும் என்றால், அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர் வார வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடினால் ஊர் சிரிக்கும். கட்டடத்துக்கும் அதே கணக்குதான். ஐப்பசி அடைமழைக்கு முன்பே, ஆனி ஆடியில், ஒவ்வொரு பழைய ஆபீசிலும் என்ஜினீயர் மாடி ஏறிப் பார்க்க வேண்டும். பார்த்த தேதியையும் முடிவையும் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே ஆட்களை வெளியேற்றிப் பூட்ட வேண்டும். வாடகை இடம் பார்ப்பதில் என்ன கவுரவக் குறைச்சல்?

உயிர் போன பிறகு நிவாரணத்துக்கு உடனே கையெழுத்தாகிறது. கூரை ரிப்பேர் பைல் மட்டும் மேசைக்கு மேசை தூங்குகிறது.

பைல் தூங்கலாம். அதன் கீழே மனிதர்கள் தூங்குகிறார்களே! அடுத்த மழைக்கு முன் மாடி ஏறிப் பாருங்கள், அதிகாரிகளே!