யாருக்காகச் சேர்க்கிறோம்?



"பணம் பணம்னு அலையாதே" என்று சொல்பவர்களும், "காசு இல்லாட்டி ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்று சொல்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்! காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இதில் எதைக் கேட்பது? நான் பைபிள் படித்து வளர்ந்தவன். அதனால் அங்கிருந்து என் கருத்தைச் சொல்கிறேன். மற்ற மதத்து நண்பர்களும் படியுங்கள். விஷயம் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர்னு பைபிளே சொல்லுது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் வேர் என்று சொன்னது பணத்தை அல்ல, பண ஆசையை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. இயேசுவின் உடலை அடக்கம் செய்யத் தன் சொந்தக் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு ஒரு பணக்காரர்தான். ஆகவே பணம் இருப்பது பாவம் இல்லை.

அப்படியானால் எது பாவம்? லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒரு ஆள் வந்து, தன் சகோதரனிடம் சொல்லிச் சொத்தைப் பிரித்துத் தரும்படி இயேசுவைக் கேட்கிறான். நம்ம ஊர்ச் சொத்துத் தகராறு மாதிரியேதான்! இயேசு பஞ்சாயத்துப் பண்ண மறுத்துவிட்டு ஒரு கதை சொல்கிறார். ஒரு பணக்காரனின் நிலம் அந்த வருஷம் அமோகமாக விளைகிறது. வைக்க இடம் இல்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, பல வருஷம் சாப்பிட்டுக் குடித்துச் சந்தோஷமாக இருக்கலாம் என்று திட்டம் போடுகிறான். அன்று ராத்திரியே அவன் உயிர் போகிறது. சேர்த்ததெல்லாம் யாருக்கோ!

இந்தக் கதையில் நன்றாகக் கவனியுங்கள். அவன் திருடியதாகவோ, யாரையும் ஏமாற்றியதாகவோ ஒரு வார்த்தை கூட இல்லை. பிறகு ஏன் கடவுள் அவனை மூடன் என்கிறார்? அவன் பேசுவதைப் பாருங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா. எல்லாமே 'என்'தான். கதிர் அறுத்த கூலிக்காரன் அவன் பேச்சில் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனும் வரவில்லை. கேள்வி கேட்பதும் அவனே, பதில் சொல்வதும் அவனே! என்னைக் கேட்டால், நிறைய வைத்திருப்பதற்குப் பெயர் பேராசை இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் பேராசை.

எரிகோவில் இருந்த சகேயு இதற்கு நேர் எதிர். அவன் வரி வசூலிப்பவர்களின் தலைவன், நல்ல வசதிக்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் வாயில் வந்த பேச்சு யாரைப் பற்றி? ஏழைகளைப் பற்றியும் தன்னிடம் ஏமாந்தவர்களைப் பற்றியும்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியது நாலு மடங்காகத் திரும்ப! அதுவரை கண்ணில் படாத மனுஷங்க அன்றைக்கு அவன் கண்ணில் பட்டுவிட்டார்கள்.

பேராசை பணக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்காதீர்கள். ஈரோடு, கோவைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் கவிழ்ந்தபோது பணத்தை இழந்தவர்களில் நிறையப் பேர் விவசாயிகளும் சாதாரணக் குடும்பத்தினரும்தான். ஏமாற்றியவன் செய்தது பெரிய குற்றம். ஆனால் "சும்மா இருந்தாலே மாசாமாசம் பணம் வரும்" என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக எடுபடுகிறதே, அதையும் யோசிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் சிலர், "கடவுள் ஆசீர்வதிச்சா காரு வரும், பங்களா வரும்" என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்படியென்றால் கூலி வேலை செய்துகொண்டு தினமும் ஜெபம் பண்ணும் ஒரு அம்மாவைக் கடவுள் ஆசீர்வதிக்கவில்லையா? தலை சாய்க்கக் கூட இடமில்லாமல் ஊர் ஊராக நடந்த இயேசுவை என்னவென்று சொல்வது?

பணம் எப்போது நிலைக்கும் என்பதற்கு வேலூரைப் பாருங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் அங்கே ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். ஷெல் என்ற அமெரிக்க வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய சி.எம்.சி. பணக்காரர் பணத்தைக் கொடுத்தார், டாக்டரம்மா தன் வாழ்க்கையையே கொடுத்தார். அந்த வங்கிக்காரர் தனக்கென்று வைத்துக்கொண்ட பணத்தைப் பற்றி இன்றைக்கு நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. கொடுத்த பணம் மட்டும் இன்றும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அதெல்லாம் பெரிய ஆளுங்க விஷயம்டா, நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று கேட்கிறீர்களா? தேவாலயத்தில் ஒரு ஏழை விதவை போட்ட இரண்டு சின்னக் காசுதான் மற்ற எல்லாருடைய காணிக்கையையும் விடப் பெரியது என்று இயேசு சொன்னார். தொகையைப் பார்க்கவில்லை, மனதைப் பார்த்தார். நாமோ டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் கூட, 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறோம்!

நம் வகுப்பறைக்கே வருவோம். பிறந்தநாளுக்கு முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். இப்போது ஒருத்தன் பத்து ரூபாய் சாக்லேட் கொடுத்தால், அடுத்தவன் இருபது ரூபாய் சாக்லேட் கொடுக்கிறான். கொடுக்க முடியாதவன் என்ன செய்கிறான் தெரியுமா? தன் பிறந்தநாள் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறான். நம் சந்தோஷத்துக்குப் பயந்து ஒரு நண்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால், நாம் கட்டுவதும் ஒரு களஞ்சியம்தானே?

ஆகவே என் யோசனை இதுதான். பிறந்தநாளுக்கு எல்லாரும் ஒரே மாதிரி ஒரு ரூபாய் மிட்டாய் கொடுப்போம். விருப்பம் உள்ளவர்கள் மீதிப் பணத்தை ஒரு உண்டியலில் போடட்டும். எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். அதிலிருந்து நோட்டோ, டூர் பணமோ தேவைப்படுகிறவனுக்கு வகுப்பாசிரியர் மூலம் சத்தமில்லாமல் போய்ச் சேரட்டும்.

நாளைக்கு நாமும் டாக்டராகவோ, இன்ஜினியராகவோ ஆகி நன்றாகச் சம்பாதிக்கத்தான் போகிறோம். சம்பாதிப்போம், தப்பில்லை. யாருக்காக என்ற கேள்வியை மட்டும் இப்போதே கேட்டுப் பழகுவோம். அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறவர்களே, நீங்கள் தொடங்கி வைக்கலாமே? என் கருத்து பிடிக்காதவர்கள் தாராளமாக இதே பலகையில் மறுப்பு எழுதுங்கள்.

— ஒரு மாணவன், பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு