உதவியாளை நாமே எழுப்பினால் என்ன?

மாதுங்கா, செம்பூர் பக்கம் நம்மவர்கள் வீடு பலவற்றில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். பையன் பாடமும் அதில், நம்ம நெட் பாங்கிங்கும் அதில். பையன் லினக்ஸ் பழகணும் என்றால் விண்டோஸைக் கலைக்காமல் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் லினக்ஸ் ஓட்டுவது நல்ல வழி. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ்கூட ஓடும், தமிழிலும் எழுதலாம்.

முதல் புகார் இப்படித்தான் வரும்: "அப்பா, உள்ளே காப்பி பண்ணினா வெளியே பேஸ்ட் ஆகலை."

லினக்ஸுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவினால் இரண்டு உதவியாட்கள் வருவார்கள். விபாக்ஸ்சர்வீஸ் சிஸ்டத்தோடு எழுந்து கடிகாரம் சரிபார்ப்பது போன்ற வேலைகளைச் செய்யும். விபாக்ஸ்கிளையண்ட் நாம் லாகின் செய்த பிறகு நம் பெயரில் ஓடுவது; கிளிப்போர்டு இதன் பொறுப்பு. க்னோம் மாதிரி டெஸ்க்டாப்பில் தானாகக் கிளம்பிவிடும். ஸ்டார்ட்எக்ஸ் அடித்து வெறும் விண்டோ மேனேஜருக்குள் போனால், இதை எழுப்ப ஆள் இல்லாமல் போகலாம். அப்போது டெர்மினலில் விபாக்ஸ்கிளையண்ட், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ஒட்டினாற்போல் கிளிப்போர்டு என்று ஆங்கிலத்தில் அடிக்கணும். ரூட்டாக வேண்டாம், சாதாரண பயனராகவே. விஎம்வேரிலும் இதே கதைதான். பழைய டூல்ஸில் அந்த ஆள் பெயர் விஎம்வேர்-யூசர்.

"எக்ஸ்இனிட்ஆர்சி-யில் ஒரு வரி சேர்த்துட்டு மறந்துடுங்க" என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். தனி மெஷினுக்குச் சரி. குடும்ப மெஷினுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாங்க் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இங்கேயும் அப்படித்தான். விண்டோஸ் பக்கம் டிவைசஸ் மெனுவில் ஷேர்டு கிளிப்போர்டு ஒரு சாவி. வாங்கும்போதே டிஸேபிள்டு என்றுதான் இருக்கும். லினக்ஸ் பக்கம் இந்த உதவியாள் இன்னொரு சாவி. இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். இரண்டு திசையிலும் எந்நேரமும் திறந்து வைத்தால், நீங்கள் விண்டோஸில் காப்பி செய்த பாஸ்வேர்டை லினக்ஸுக்குள் ஓடும் எந்த புரோகிராமும் எட்டிப்பார்க்கலாம். பையன் உள்ளே எதையெல்லாம் இறக்கி வைத்திருக்கிறானோ, யார் கண்டது!

அதனால் எங்கள் வீட்டு வழக்கம்: தமிழ்க் கட்டுரையை வெளியே எடுக்கணுமா, மெனுவில் 'கெஸ்ட் டு ஹோஸ்ட்' என்ற ஒரு திசை மட்டும். உதவியாளைக் கையால் எழுப்பு, வேலை முடிந்ததும் பிகில் கொடுத்து நிறுத்து. க்னோமில் அது தானாகவே விழித்திருக்கும் என்பதால், அங்கே மெனு சாவியை மறக்காமல் பூட்டணும்.

வீட்டம்மா "இதென்ன ரோதனை" என்கிறார். நெட் பாங்கிங் செய்வதும் அவர்தான்.