பதினைந்து கேள்வியும் ஒரு கார் கதவும்

போன வருஷம் பையனுக்கு 18 முடிந்த மறுவாரமே எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. புனே ஆர்.டி.ஓ. பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆதார் நம்பரைப் போட்டு, சாரதி தளத்தில் பணம் கட்டி, வீட்டு டைனிங் டேபிளிலேயே தேர்வு. 1994-ல் திருச்சியில் மொட்டை வெயிலில் வரிசையில் நின்று, இரண்டாவது தடவையில்தான் ஒழுங்காக 8 போட்டவன் நான். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

தேர்வுக்கு முன்னால் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்றைப் பார்த்தாக வேண்டும். வீடியோ பாட்டுக்கு ஓடியது. பையன் பாட்டுக்குச் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். நானும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் 15 கேள்வி. ஏதோ ஒரு போர்டுக்கு அர்த்தம் தெரியாமல் அவன் முழிக்க, கேமராவில் விழாத மாதிரி லேப்டாப்புக்குப் பின்னால் நின்று மூன்று விரலைக் காட்டினேன். பாஸ். தங்கமணி பாயசம் வேறு வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, எங்கள் தெருவிலேயே, ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்தது. பையன் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்துச் சறுக்கி விழுந்தான். காரை எலும்பில் விரிசல். ஹெல்மெட் போட்டிருந்தான் (புனேக்காரர்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் உள்ள உறவு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்), தலை தப்பியது. ஆர்த்தோ டாக்டர் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த மூன்று விரல்தான் ஞாபகம் வந்தது.

நான் காட்டிக்கொடுத்த கேள்விக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமில்லைதான். அந்த 15-ல் எதற்குமே சம்பந்தமில்லை என்பதுதான் என் வருத்தம். நின்றிருக்கும் காருக்குள் ஆள் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம், ஒரு கதவு அளவு தள்ளிப் போ என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள். அரசாங்கக் கணக்கு இது. அதில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குள். அடையாளப் பலகை தெரியாததாலா இத்தனை பேரும்?

"ஆன்லைனில் நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று ஆபீஸ் நண்பர் கேலி செய்தார். பாதி ஒத்துக்கொள்கிறேன். பிரேக் பிடிக்கும் கைக்கு ரோடுதான் வாத்தியார். ஆனால் கண்ணுக்குத் திரை கற்றுக்கொடுக்கும் என்பது என் கட்சி. பிரிட்டனில் 2002-லிருந்தே இதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. 14 வீடியோத் துண்டுகளைக் காட்டுவார்கள். ஆபத்து உருவாகிறது என்று தோன்றிய உடனே க்ளிக் செய்ய வேண்டும். சீக்கிரம் கவனித்தால் மதிப்பெண் அதிகம். பின்னால் அப்பா நின்று விரல் காட்டுவதற்குள் நேரம் போய்விடும்!

நம்மிடமும் விஷயம் இல்லாமல் இல்லை. 2021-ல் வந்த அங்கீகாரப் பயிற்சி மைய விதிகளில் கார் பாடம் 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் தியரி. அந்த எட்டு மணி நேரத்தைத் திரையில் கொடுங்கள் என்கிறேன். மாடு, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் உள்ள நம் ரோட்டு வீடியோவாக இருக்கட்டும். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கட்டும். பதில் சொன்னால்தான் மேலே ஓட வேண்டும். சிட்னியில் அக்கா பொண்ணு, லைசென்ஸுக்கு முன்னால் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, அதில் 20 மணி நேரம் இரவில். அத்திம்பேர் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி இளைத்துவிட்டார்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? எங்கள் அபார்ட்மெண்டில் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ஸ்கூட்டரில்தான் டியூஷன் போகின்றன. 18 ஆகாத பிள்ளை விபத்து செய்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் என்று 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 மே மாதம் கல்யாணி நகர் விபத்தில் இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்தபோது எங்கள் வாட்ஸ்அப் குரூப் ஒரு மாதம் கொதித்தது. அப்புறம் சாவி மறுபடி பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. ஊரில் இருந்தால் முனைக் கடைக்காரராவது "அப்பாகிட்ட சொல்றேன்டா" என்று மிரட்டியிருப்பார். இங்கே நம் பிள்ளையை யாருக்குத் தெரியும்?

கை கட்டோடு பையன் வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில், என் கார் டேஷ் கேமராவில் பதிவானதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பார்த்தோம். ஒரு இடத்தில் நிறுத்துவேன். "அடுத்து என்னடா நடக்கும்?" முதல் வாரம் பத்துக்கு மூன்று சொன்னான். கடைசி வாரம், "அப்பா, அந்த பஸ்ஸுக்கு அடியில கால் தெரியுது பாருங்க, ஆள் குறுக்க வருவாங்க" என்றான். எனக்கே தெரியவில்லை அந்தக் கால். கூடவே, இரண்டு இடத்தில் நான் மஞ்சள் விளக்கில் பாய்ந்ததையும் கண்டுபிடித்துத் தங்கமணியிடம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வருஷம் சின்னவளுக்கு 18. அவள் தேர்வு எழுதும்போது நான் கீழே போய் வாக்கிங் போவதாக வீட்டில் பேசி முடிவாகியிருக்கிறது.