எந்தக் கம்பைலருக்கு இந்தப் பாடம்?

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் கட்டுரைகளும் கைப்புத்தகங்களும் தமிழில் வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர் வீட்டுப் பிள்ளை, களியக்காவிளையில் வாங்கிய பழைய பாடம் ஒன்றைப் பார்த்துப் பள்ளிக் கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டினால், 'அப்படியொரு கோப்பே இல்லை' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தன் மேல்தான் தவறென்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. தவறு பாடம் எழுதியவருடையது.

எழுதிய கட்டளைகளை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். தமிழ்ப் பாடங்கள் பல, போர்லாண்ட் கம்பெனி 1990-ல் வெளியிட்ட டர்போ சி++ கம்பைலரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அது டாஸ் காலத்துச் சரக்கு. திரையைத் துடைக்க அது வைத்திருந்த கட்டளையும், அதற்கான 'கோனியோ' கோப்பும், 1998-ல் சி++ மொழிக்கு வந்த உலகத் தர நிர்ணயத்தில் இடம் பெறவில்லை. கேரளப் பள்ளிகளில் இருப்பதோ லினக்ஸும் ஜி.சி.சி. கம்பைலரும். தமிழ்நாட்டில் 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகம் காட்டும் 'டெவ் சி++' மென்பொருளுக்குள் இருந்து வேலை செய்வதும் அதே ஜி.சி.சி.தான். முல்லைப் பெரியாறு போன்ற விஷயங்களில் முட்டிக்கொள்ளும் இரண்டு அரசுகளும் இதில் ஒத்துப்போய்விட்டன! பாடம் எழுதுகிறவர்கள்தாம் பாக்கி.

கோப்பு இல்லை என்று இயந்திரம் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல் கணக்கைத் தப்பாகப் போடுவதுதான் ஆபத்து. நாள் ஒன்றுக்கு 800 ரூபாய் வீதம் 50 நாள் கூலி எவ்வளவு? ஜி.சி.சி. 40,000 என்று சரியாகச் சொல்லும். அதே வரிகளை டர்போவில் 'இன்ட்' வகை எண்ணாக எழுதினால், 32,767-க்கு மேல் அதில் இடமில்லாததால், கழித்தல் குறியோடு 25,536 என்று வரும். கூலிக்காரர் முதலாளிக்குப் பணம் தர வேண்டியவர் ஆகிவிடுவார்!

ஆகவே எல்லா இதழ்களும் ஒரே கம்பைலரைக் கட்டிக்கொள்ள வேண்டுமா? அப்படிக் கட்டிக்கொண்டதன் பலன்தான் இப்போதைய சங்கடம். டர்போவின் காலம் முடிந்ததும் அதை நம்பி எழுதிய பாடங்களும் செல்லாக்காசாயின. தர நிர்ணயத்துக்கு உட்பட்டு எழுதுவதே முறை. எழுதியதைக் காசில்லாமல் கிடைக்கும் ஜி.சி.சி.யில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில் ஓடியது என்பதைத் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் அச்சிட்டால் போதும். டர்போ மட்டுமே தெரிந்த ஆசிரியருக்கு இது கொஞ்சம் சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

பைத்தான் பாடம் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அதன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றது. அடைப்புக்குறி இல்லாத 'பிரின்ட்' வரிகளை மூன்றாம் பதிப்பு ஏற்பதில்லை. பழைய பாடத்தை மறுபடி அச்சேற்றும் பதிப்பாளர்கள், அதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும்.