எழுபது வளைவு ஏறியவருக்கு நாலு ரக்அத் கனக்கிறதா?

முஸ்லிம் இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே!

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு நம்மவர்கள் இரண்டு வேலையாகப் போகிறார்கள். மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி கொள்முதலுக்கு வியாபாரிகள் போகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிக்க, விடுமுறை நாளில் வேன் பிடித்து இளைஞர்கள் போகிறார்கள். போகட்டும். ஹலாலான வியாபாரத்தையும் ஹலாலான பொழுதுபோக்கையும் மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் காரவள்ளி அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததுமே பலரிடமிருந்து தொழுகை இறங்கிக் கொள்கிறதே, அது ஏன்? ஊரில் முதல் வரிசையில் நிற்பவர்கூட மலையேறினால் லுஹரையும் அஸரையும் விட்டுவிட்டு, "இரவு வீட்டுக்குப் போய்க் களாச் செய்து கொள்ளலாம்" என்கிறாரே, இந்த அனுமதியை அவருக்குக் கொடுத்தது யார்?

கேட்டால் சுத்தத்தைக் காரணம் காட்டுகிறார்கள். தண்ணீர் இல்லை, உடுப்பு அழுக்கு, இடம் சரியில்லை, குளிர் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் இல்லையா?

முந்நூறு அடி உயரத்திலிருந்து கொட்டும் அருவியில் இரண்டு மணி நேரம் நின்று குளிக்கிறீர்கள். அதற்காக ஆயிரம் படிகள் இறங்கி, மீண்டும் மூச்சிரைக்க ஏறுகிறீர்கள். அருவியை விட்டு வெளியே வரும்போது ஒளுவின் உறுப்புகளை முறையாகக் கழுவ ஒரு நிமிடம் ஆகுமா? ஆயிரம் படி ஏறிய கால்களுக்கு நாலு ரக்அத் நிற்கச் சக்தியில்லையா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. ஏறத்தாழ முக்கால் லிட்டர். உறுப்புகளை ஒவ்வொரு முறை மட்டும் கழுவியும் அவர்கள் ஒளுச் செய்திருக்கிறார்கள். வேனில் உங்கள் காலடியில் உருளும் ஒரு லிட்டர் பாட்டில் போதும்.

உண்மையிலேயே தண்ணீர் கிடைக்கவில்லையா? அப்போதும் தொழுகை நீங்காது. தயம்மும் செய்யுங்கள் என்கிறது குர்ஆன் (4:43, 5:6). பயணத்தில் அம்மார் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. தண்ணீர் இல்லை. முறை தெரியாமல் மண்ணில் புரண்டு எழுந்து தொழுதார்கள். மண்ணில் கைகளை அடித்து முகத்தையும் கைகளையும் தடவினாலே போதுமே என்று நபி (ஸல்) அவர்கள் செய்து காட்டினார்கள் (புகாரி). முறை தெரியாத நிலையிலும் அந்தத் தோழர் மண்ணில் புரண்டாவது தொழப் பார்த்தார். நாமோ முறை தெரிந்திருந்தும் தொழுகையை விட வழி தேடுகிறோம்!

அதே சமயம், ஓடை பக்கத்தில் ஓடும்போது சோம்பலுக்காக மண்ணைத் தொடுவதும் செல்லாது. தயம்மும் இல்லாதவனுக்கும் இயலாதவனுக்கும் தந்த சலுகை. சோம்பேறிக்குத் தந்தது அல்ல.

உடுப்பு அழுக்கா?

வியாபாரிகள் அதிகம் சொல்லும் காரணம் இது. சட்டையில் வாழைக்கறை, கையில் பலாப்பால், வேட்டியில் செம்மண். அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. வாழைக்கறையும் மண்ணும் மிளகுத் தூசியும் நஜீஸ் அல்ல. அந்தச் சட்டையோடு தொழலாம். தோலில் கெட்டியாக ஒட்டிய பலாப்பால் மட்டும் தண்ணீர் படாமல் தடுக்கும். அதை எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு ஒளுச் செய்ய வேண்டும். கறையின் நிறம் தங்கினால் குற்றமில்லை. பலாச்சுளை விற்கிறவருக்கு இந்த எண்ணெய் வைத்தியம் தெரியாதா என்ன?

இடம் இல்லையா?

பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டுள்ளது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). சோளக்காடு சந்தையின் ஓரத்திலும், செம்மேட்டில் ஒரு மரத்தடியிலும் தோளில் கிடக்கும் துண்டை விரித்தால் அதுவே பள்ளி. மலைவாழ் மலையாளி மக்கள் உங்களைப் பார்ப்பார்களே என்று கூச்சமா? கடன் கேட்கும்போது வராத கூச்சம் ஸஜ்தாவில் மட்டும் ஏன் வருகிறது?

குளிரா?

தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். விவரம் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை (அபூதாவூத்). மார்கழிக் குளிரில் உங்களுக்கு அந்த ஆபத்து இருக்கிறதா? டீக்கடைக்காரரிடம் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டால் காரியம் முடிந்தது.

விவாதம் போதும்!

கொல்லிமலைப் பயணத்தில் கஸர் உண்டா என்று கேட்கிறீர்கள். சென்னையிலிருந்து போகிறவருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. நாமக்கல்லிலிருந்து போகிறவருக்கு மத்ஹபுகள் சொல்லும் தூரம் வராது. குறைந்த தூரமே போதும் என்போரும் உண்டு. ஐயமிருந்தால் நாலாகவே தொழுங்கள். இரண்டா நாலா என்று விடிய விடிய விவாதித்துவிட்டு ஒன்றுகூடத் தொழாமல் திரும்புவதுதான் கேவலம். விரலை அசைப்பதா நிறுத்துவதா என்று ஊரில் ஜமாஅத்தை இரண்டாக்குகிறோம். மலையில் அந்த விரல் பிஸ்கட் பொட்டலம் பிரித்துக் கொண்டிருக்கிறது!

எதிரி வாளோடு எதிரே நிற்கும் போர்க்களத்திலும் அணி பிரித்துத் தொழும் முறையைக் குர்ஆன் கற்றுத் தருகிறது (4:102). போருக்கே விலக்கில்லை, மிளகு மூட்டைக்கு விலக்கா? வியாபாரமும் கொடுக்கல் வாங்கலும் இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் திருப்பாத மனிதர்களை அல்லாஹ் புகழ்கிறான் (24:37). அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வேண்டாமா?

சுத்தம் என்பது உறுப்புகளோடு நிற்பதில்லை

அந்த மலையின் ஓடைகளை நம்பித்தான் அங்குள்ள மக்கள் வாழ்கிறார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓடையை நாசம் செய்துவிட்டு அதே ஓடையில் ஒளுச் செய்வது என்ன சுத்தம்?

வியாபாரிகளுக்கு இன்னொன்று. சுத்தமின்றித் தொழுகை ஏற்கப்படாது, மோசடிப் பொருளிலிருந்து தர்மமும் ஏற்கப்படாது. இந்த இரண்டையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் சொன்னதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). எழுத்தறியாத விவசாயியின் மிளகில் கிலோவுக்கு நூறு கிராம் அடித்துவிட்டு, அந்தக் கையை மூன்று முறை கழுவினால் எது போகும்? மண் போகும். பாவம் போகாது. அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் (83:1) என்ற எச்சரிக்கை மலைக்கு மேலேயும் செல்லும்.

எனவே சகோதரர்களே! அடுத்த முறை புறப்படும்போது தராசு, சாக்கு, பணம் என்று எண்ணி வைக்கும் பட்டியலில் ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரு துண்டையும் சேருங்கள். நேரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். உங்களோடு வருபவர் தயங்கினால் நீங்கள் பாங்கு சொல்லுங்கள். மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவது தொழுகை. கொள்முதல் கணக்கு அதற்குப் பிறகுதான்.