பாழன்று பாலை

பாலைவனம் என்றவுடன் மணலும் வெயிலுமே பலர் நினைவுக்கு வரும். பயிர் விளையாத நிலம் பயனற்ற நிலம் என்று கூறுவாரும் உளர். 'பாலைவனம்' என்னும் சொல்லிலேயே 'வனம்' அமைந்திருத்தலை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அது வனமே என்பதை உணர விரும்புவோர் அங்கே ஓர் இரவேனும் தங்குதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் யோசுவா மரத் தேசியப் பூங்கா உள்ளது. ஈட்டிமுனை போன்ற இலைகளையுடைய யோசுவா மரங்கள் அங்கே பாறைகளிடையே கைவிரித்து நிற்கின்றன. நண்பகலில் அவ்விடம் உயிரற்றது போலத் தோன்றும். கூடாரம் அடித்து இராத் தங்குவோரோ வேறோர் உலகைக் காண்பர். வளைக்குள் ஒடுங்கியிருந்த கங்காரு எலி வெளிவந்து விதை தேடும். நீர் பருகாமலே வாழ வல்லது அது. உலர்ந்த விதையிலிருந்து அதன் உடல் ஆக்கிக்கொள்ளும் நீரே அதற்குப் போதும். மரம் பூக்கும் பருவத்தில் சிறிய அந்துப்பூச்சி ஒன்று மகரந்தத்தைத் திரட்டிப் பூவின் சூல்முடியில் வைத்து, அப்பூவிலேயே முட்டையிடும். அதன் புழுக்கள் சில விதைகளைத் தின்னும். எஞ்சியவை மரத்தின் குலத்தை வளர்க்கும். பூச்சியின்றி விதையில்லை, விதையின்றிப் பூச்சியில்லை.

இவ்வளத்தை முன்னாளில் மக்கள் மதித்தாரல்லர். நகரத் தோட்டங்களுக்காகப் பாலைச் செடிகளை வேரோடு பெயர்த்துச் சென்றனர். பாலையின் திறந்த வெளியிற் படுத்து இரவுகளைக் கழித்த மினர்வா ஹாய்ட் என்னும் அம்மையார் இது கண்டு வருந்தினார். பாலைச் செடிகளின் கண்காட்சிகளைப் பெருநகரங்களில் நடத்தி மக்கள் கண்களைத் திறந்தார். அவரது இடையறா முயற்சியால், 1936-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அந்நிலத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 1994-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

சட்டம் வந்தபின் கவலை ஏன் என்று கேட்கலாம். பேராசை மட்டுமன்று, அறியாமையும் தீங்கு செய்யும். அங்கு வாழும் ஆமை, மழை நாளிற் பருகிய நீரைத் தன் சிறுநீர்ப்பையிற் சேமித்து வறட்சியைக் கடக்கிறது. அன்பு மிகுதியால் ஒருவர் அதனைக் கையில் எடுப்பின், அஞ்சிய ஆமை அந்நீரை வெளியேற்றிவிடும். பின்னர் நீரின்றி இறக்கவும் கூடும். பட்டு வீழ்ந்த மரத்தினடியில் சிறு பல்லி குடியிருக்கும். விறகென்று அதனை எரிப்பவர் ஓர் உயிரின் வீட்டையே எரிப்பவராவர்.

அங்ஙனமாயின் எவரையும் உள்ளே விடாதிருத்தல் நன்றன்றோ எனின், அன்று. சென்று கண்டமையாலன்றோ அவ்வம்மையார் அதனைக் காக்க முனைந்தார்! காணாத பொருளிடத்து அன்பு பிறப்பதில்லை. ஆதலின் மக்கள் செல்லுதல் வேண்டும். விருந்தினராய்ச் செல்லுதல் வேண்டும். விருந்தினர் வீட்டாரின் பொருளைக் கவரார். அவர்தம் உறக்கத்தைக் கெடுக்கார். கண்ணாற் கண்டு, கையாற் தீண்டாது மீள்வதே பாலைக்குச் செய்யும் சிறந்த அன்பாகும்.